கையேந்தும் பாட்டும் கோபித்துக்கொள்ளும் பாட்டும்

தங்கச்சிமடத்தில் பிறந்து இப்போது வெளிநாட்டில் குடும்பத்தோடு இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “நம் பக்கத்துக் கோயில், தர்கா, சர்ச் திருவிழாக்களில் கேட்ட கடவுள் பாட்டுகளில் உங்களுக்குப் பிடித்தவை எவை? எத்தனையோ கேட்டோம், சில மட்டும் ஏன் மனதில் நிற்கின்றன? இங்கே வளரும் பிள்ளைகளுக்கு எதை முதலில் போட்டுக் காட்டலாம்?”

தம்பி, மண்டபம் பக்கத்தில் எங்கள் குடும்பத்துக்கு மைக் செட் தொழில். அம்மன் கோயில் முளைப்பாரிக்குப் போகும் அதே ஆம்ப்ளிஃபையர்தான் அந்தோனியார் கொடியேற்றத்துக்கும், சந்தனக்கூட்டுக்கும் போகும். பெட்டிக்குள் இசைத்தட்டுகள் மட்டும் மாறும். பிறகு கேசட் வந்தது, அதன் பிறகு பென் டிரைவ். இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு ஒரு பாட்டு நல்லதா இல்லையா என்பதைப் பண்டிதர் சொல்ல வேண்டியதில்லை. எந்தப் பாட்டு முடிந்ததும் ஆள் வந்து “இன்னொரு தடவை போடுங்கள்” என்கிறாரோ, அது நல்ல பாட்டு.

அப்படிப் பார்த்ததில் எனக்குத் தெரிந்தது இதுதான். கடவுளைப் புகழும் பாட்டு எங்கள் கரையில் ஒலிக்கும். முறைக்காகப் போடுவோம், முறைக்காகக் கேட்பார்கள். கடவுளிடம் ஏதாவது கேட்கும் பாட்டும், கடவுளைக் கேள்வி கேட்கும் பாட்டும்தான் நிற்கும். அதிகாலை இரண்டு மணிக்கு ஆண்கள் கடலுக்குள் போய்விட்டால் திரும்பும்வரை வீட்டில் இருப்பவர்களுக்கு வேலையே கடவுளிடம் கேட்பதுதானே. எந்த மதத்துப் பாட்டாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறியதே இல்லை.

முதல் பாட்டு எது என்பதில் எனக்குத் தயக்கம் கிடையாது. நாகூர் இ.எம். அனிபா பாடிய “இறைவனிடம் கையேந்துங்கள்”. ஆர். அப்துல் சலாம் எழுதியது. பாடியவருக்கு நாகூர் அடைமொழி ஆகிவிட்டதால் பலருக்குத் தெரிவதில்லை. அவர் 1925 டிசம்பர் 25 அன்று பிறந்தது நம் ராமநாதபுரத்தில். 2015 ஏப்ரல் 8 அன்று மறைந்தார். வெண்கலக் குரல் என்று எல்லோருக்கும் சொல்லிவிடுகிறோம். இவருக்கு அது பொருந்தும். எங்கள் குழாய் ஸ்பீக்கர்களில் மற்றவர்கள் குரல் உச்சத்துக்குப் போனால் கரகரக்கும். அனிபா குரல் மட்டும் சுத்தமாக விழும். அந்தக் குரல் ஒலிபெருக்கி இல்லாத காலத்துக் கூட்டத்தைக் கட்டி நிறுத்துவதற்கு என்றே செய்யப்பட்ட குரல். “அழைக்கின்றார் அண்ணா” என்று கட்சி மேடையில் பாடியவரும் இவரே. கடவுள் மறுப்புப் பேசியவர்கள் நிறைந்த மேடைக்கும் தர்கா மேடைக்கும் ஒரே தொண்டை. இரண்டு இடத்திலும் யாரும் முகம் சுளிக்கவில்லை.

அந்தப் பாட்டில் என்ன இருக்கிறது என்று கவனியுங்கள். பல்லவியில் எந்த மதத்தின் பெயரும் வராது. இறைவன் என்ற சொல் மட்டும்தான். “அவன் இல்லையென்று சொல்லுவதில்லை” என்று உத்தரவாதம் கொடுத்துவிட்டு, உடனே “பொறுமையுடன் கேட்டுப் பாருங்கள்” என்று ஒரு நிபந்தனையும் வைக்கிறது. கேட்டதும் கிடைக்கும் என்று அந்தப் பாட்டு எங்கேயும் பொய் சொல்லவில்லை. இந்த நேர்மைதான் அதைத் தாங்குகிறது என்பது என் எண்ணம். கடைசிச் சரணத்தில் அலை முழங்கும் கடலைப் படைத்து அழகு பார்ப்பவன் என்று ஒரு வரி வரும். உள்நாட்டில் இருப்பவர்களுக்கு அது அழகான வர்ணனை. எங்கள் ஊரில் அந்த வரி வரும்போது, அழகு பார்ப்பவன் கொஞ்சம் எங்களையும் பார்க்கட்டும் என்று ஒரு பாட்டி வாய்விட்டுச் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அம்மன் கோயில் கமிட்டியில் இருந்தே இந்தத் தட்டைக் கேட்டு வாங்கிப் போட்டவர்கள் உண்டு. இப்போது அப்படிக் கேட்கிறார்களா என்று நீங்கள் கேட்டால், குறைந்திருக்கிறது என்றுதான் சொல்வேன்.

மைக் செட்காரன் முதலில் போடும் பாட்டு வேறு. சீர்காழி கோவிந்தராஜனின் “விநாயகனே வினை தீர்ப்பவனே”. உளுந்தூர்பேட்டை சண்முகம் எழுதியது. இது போட்டால்தான் ஊருக்குத் திருவிழா தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நல்ல பாட்டுதான், ஆனால் ஒருவரும் இரண்டாம் தடவை கேட்டதில்லை. வாசல் கடந்தாகிவிட்டது, அவ்வளவுதான்.

ஆடி மாதம் எல்.ஆர். ஈஸ்வரியின் மாதம். கச்சான் காற்று வீசும் நாட்களில் வடகரை ஊர்களில் குழாயை எந்தப் பக்கம் கட்டினாலும் பாட்டு பாதி கடலுக்குத்தான் போகும். திரும்பி வரும் வள்ளக்காரர்கள் கரை தெரிவதற்கு முன்பே “செல்லாத்தா செல்ல மாரியாத்தா” கேட்டது என்று சொல்வார்கள். அந்தப் பாட்டின் தந்திரம் அதன் பேரத்தில் இருக்கிறது. சிந்தையில் வந்து அரை வினாடி நில் என்றுதான் தாயிடம் முதலில் கேட்கிறது. அரை வினாடி! அதற்கு மேல் கேட்க வாய் வரவில்லை. பிறகு மெல்ல மெல்லத் துணிவு வந்து, உன்னைக் காணாவிட்டால் இந்தக் கண் இருந்து என்ன புண்ணியம் என்று மடக்குகிறது. இளநீரைக் கையில் கொடுத்துவிட்டு, குறையைக் கேட்டுக்கொண்டு வளமான வாழ்வைக் கொடு என்று கணக்கை நேர் செய்துகொள்கிறது. பெற்ற தாயிடம் பேசும் உரிமை அது. பாடிய ஈஸ்வரி கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் என்பது தெரிந்தும் எங்கள் ஊர் அம்மன் கோயில் எதிலும் அது ஒரு பேச்சாக எழுந்ததில்லை. “கற்பூர நாயகியே கனகவல்லி” இன்னொரு தட்டு. ஆடி வெள்ளிக்கு அது இல்லாமல் மைக் செட்காரன் போனால் சம்பளத்தில் கை வைப்பார்கள்.

இனி நான் சொல்லப்போவதைப் பக்திப் பாட்டு என்று எந்தக் கடையிலும் அடுக்க மாட்டார்கள். என்னைக் கேட்டால் நம் கரையின் மிகப் பெரிய கடவுள் பாட்டு அதுதான். “தரைமேல் பிறக்க வைத்தான், எங்களைத் தண்ணீரில் பிழைக்க வைத்தான்.” ‘படகோட்டி’ படத்துக்காக வாலி எழுதி, விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையில் டி.எம். சௌந்தரராஜன் பாடியது. வைத்தான், வைத்தான் என்று போகிறதே தவிர, யார் வைத்தான் என்று சொல்லவே இல்லை. சொல்லத் தேவையில்லை. அவன் பெயரைச் சொல்லக்கூட மனம் வராத அளவுக்குக் கோபம். ஆண்களைத் தண்ணீரில் பிழைக்க வைத்தவன், கரையில் இருக்கும் பெண்களைக் கண்ணீரில் குளிக்க வைத்தான் என்று அடுத்த வரியிலேயே குற்றப்பத்திரிகை முடிந்துவிடுகிறது. கடல் நடுவே போனால் குடிநீர் தருபவர் யார் என்று ஒரு கேள்வி வரும். கடலில் இறங்காதவர்களுக்கு அது கவிதை நயம். நம் ஆட்களுக்குக் கேனில் எத்தனை லிட்டர் எடுத்துப் போவது என்ற அன்றாடப் பிரச்சினை.

படம் 1964 தீபாவளிக்கு, நவம்பர் 3 அன்று வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது. பாம்பனில் இருந்து போன பயணிகள் ரயிலைப் பயணிகளோடு கடல் வாரிக்கொண்டது. பாம்பன் பாலமும் உடைந்தது. தனுஷ்கோடி மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. பாட்டுக்கும் புயலுக்கும் நடுவே இரண்டு மாதம்கூட இல்லை. அந்தத் தலைமுறை ஆட்கள் இந்தப் பாட்டைக் கேட்கும்போது சினிமாப் பாட்டு கேட்கும் முகத்தோடு இருக்க மாட்டார்கள். எங்கள் கடைக்கு வரும் ஒரு பெரியவர், தனுஷ்கோடியில் இருந்து அகதியாக வந்து பாம்பனில் குடியேறியவர், கோயில் விழாவில் இது ஒலித்தால் எழுந்து போய்விடுவார். ஒருமுறை கேட்டேன். “சாமி கும்பிடுகிற இடத்தில் சாமியைத் திட்டுகிற பாட்டைப் போடுகிறாயே அப்பா” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “திட்டுவதும் அவரைத்தானே திட்ட முடியும்” என்றும் அவரே சொன்னார்.

வாலியிடமே இன்னொன்றையும் பாருங்கள். “கற்பனை என்றாலும் கற்சிலை என்றாலும் கந்தனே உனை மறவேன்” அவர் சினிமாவுக்கு வருவதற்கு முன் ஸ்ரீரங்கத்தில் இருந்து எழுதி டி.எம்.எஸ்ஸுக்கு அனுப்பிய பாட்டு. நீ கற்பனையாகவே இருந்தாலும் பரவாயில்லை என்று ஒரு பக்தன் முதல் வரியிலேயே ஒப்புக்கொள்வது எவ்வளவு துணிச்சல்! சந்தேகத்தை உள்ளே வைத்துக்கொண்டே கும்பிடும் பாட்டு. இதை எழுதிய கைதான் ‘படகோட்டி’யையும் எழுதியது என்பதில் எனக்கு வியப்பே இல்லை.

இந்தக் கேட்பதும் கோபிப்பதும் சினிமா கற்றுக்கொடுத்ததல்ல. கரையில் இருந்து சற்று உள்ளே தள்ளி உத்தரகோசமங்கை இருக்கிறதே, மார்கழித் திருவாதிரைக்கு மரகத நடராசரின் சந்தனக் காப்பைக் களைவதைப் பார்க்க மாவட்டமே திரளும் ஊர், அந்த ஊர் அரசே என்று விளித்து மாணிக்கவாசகர் பாடியது நீத்தல் விண்ணப்பம். 50 பாட்டு. எல்லாவற்றிலும் ஒரே கேள்வி: என்னை விட்டுவிடுவாயா? கெஞ்சுகிறார், தன்னைத் தாழ்த்திக்கொள்கிறார், அழுகிறார். கடைசியை நெருங்கும்போது மிரட்டத் தொடங்குகிறார். நீ என்னை விட்டால் ஊரைக் கூட்டிச் சிரிக்க வைப்பேன், யானைத் தோல் உடுத்த பித்தன், நஞ்சு தின்ற பித்தன், சுடுகாட்டுப் பித்தன், என்னையும் ஆளாகக் கொண்ட பித்தன் என்று ஏசுவேன் என்கிறார். “என்னையும் ஆளுடைப் பிச்சன் என்று ஏசுவனே” என்ற அந்த முடிவைப் படித்தபோதுதான் எனக்கு ‘படகோட்டி’ பாட்டு எந்த வம்சத்தில் பிறந்தது என்று புரிந்தது. ஓதுவார் ஒருவர் இதை வேகமில்லாமல், பண்ணோடு பாடிக் கேட்க வேண்டும். பதிவுகளில் பெரும்பாலும் முதல் சில பாடல்களோடு நிறுத்திவிடுகிறார்கள். சண்டை பின்பாதியில்தான் இருக்கிறது.

அதே ஊருக்குத் திருப்பொன்னூசலும் பாடியிருக்கிறார். பவளத்தில் கால் நட்டு, முத்தில் கயிறு திரித்து, பொன் பலகை போட்ட ஊஞ்சல். முத்துக்குளித்த கடலுக்குப் பக்கத்து ஊர் என்பதை நினைத்துக்கொண்டு கேட்டால் சுவை கூடும். ஆனால் அது கொண்டாட்டப் பாட்டு, என் கணக்கில் இரண்டாம் இடம்தான்.

பாம்பன் சுவாமிகளைச் சொல்லாமல் நம் கரையைப் பற்றிப் பேச முடியாது. குமரகுருதாச சுவாமிகள் என்ற பெயர் ஏட்டில் இருக்க, ஊர்ப் பெயரே அவர் பெயராகிவிட்டது. பிரப்பன்வலசையில் குழி வெட்டி அதற்குள் 35 நாள் தவம் இருந்தவர். 1891இல் அவர் பாடிய சண்முக கவசம் 30 பாடல்கள். உயிரெழுத்து 12, மெய்யெழுத்து 18 என்ற வரிசையில் ஒவ்வொரு பாட்டும் தொடங்கும். “அண்டமாய் அவனியாகி” என்று அகரத்தில் ஆரம்பம். கவசம் என்றாலே கேட்பதுதான். தலையைக் காக்க, கண்ணைக் காக்க, இருமலில் இருந்து காக்க, விலங்கில் இருந்து காக்க என்று ஒன்றையும் விடாமல் பட்டியல் போட்டுக் கொடுப்பது. 1923இல் சென்னையில் குதிரை வண்டி மோதி அவருடைய கால் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சீடர் அவர் பாடிய கவசத்தையே அவருக்காக ஓதினார் என்பது அடியார்கள் சொல்லும் செய்தி. ஒருவர் எழுதிக் கொடுத்த விண்ணப்பம் அவருக்கே பயன்பட்ட கதை. சூலமங்கலம் சகோதரிகள் பாடிய தேவராய சுவாமிகளின் கந்த சஷ்டி கவசம் தமிழ்நாடு முழுக்கப் பரவியிருக்கிறது, நானும் போடுகிறேன். ஆனால் கட்டுமானத்தில் எனக்குச் சண்முக கவசம்தான் ஒரு படி மேல். ஊர்ப்பற்று என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

ராமநாதபுரம் லட்சுமிபுரத்தில் தாயுமானவர் சமாதி இருக்கிறது. தொண்டிப் பக்கத்துக் குணங்குடியில் பிறந்தவர் மஸ்தான் சாகிபு. முன்னவர் சைவ ஞானி, பின்னவர் சூஃபி. நூறு ஆண்டு இடைவெளி. இருவருமே பராபரக்கண்ணி என்ற பெயரிலேயே பாடியிருக்கிறார்கள். இரண்டு இரண்டு வரி, முடிவில் பராபரமே என்ற விளி. தாயுமானவர் போட்ட மெட்டில் மஸ்தான் சாகிபு தன் தாகத்தை ஊற்றியிருக்கிறார். “எல்லாரும் இன்புற்றிருக்க நினைப்பதுவே அல்லாமல் வேறொன்று அறியேன் பராபரமே” என்ற கண்ணியை நம் ஊரில் சுவரில் எழுதி வைத்திருப்பார்கள், அது தாயுமானவரின் பராபரக்கண்ணியில் வருவது என்று பலருக்குத் தெரியாது. மஸ்தான் சாகிபு பாடல்களை ஒலிப்பதிவில் தேடுவது கடினம். கீழக்கரை, தொண்டிப் பக்கம் பழைய ஆட்கள் சிலர் மனப்பாடமாகச் சொல்வார்கள். வாய்ப்புக் கிடைத்தால் உட்கார்ந்து கேளுங்கள். கீழக்கரை சீதக்காதி ஆதரித்த உமறுப்புலவரின் சீறாப்புராணம் 5,027 பாடல் கொண்ட காப்பியம். பெருமைக்குரியதுதான், ஆனால் மைக் செட்டில் போடக்கூடிய சமாச்சாரம் இல்லை.

சர்ச் பாட்டுகளில் என் அறிவு குறைவல்ல, ஆனால் விருப்பம் குறுகியது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் “தந்தானைத் துதிப்போமே” கீர்த்தனை எந்த விழாவுக்கும் எடுப்பாக இருக்கும். வேர்க்காடு சந்தியாகப்பர் திருவிழாவுக்கு எல்லா மதத்து ஆட்களும் வருவார்கள். அங்கே “மாதா உன் கோயிலில் மணி தீபம் ஏற்றினேன்” போட்டால் கூட்டம் அமைதியாகிவிடும். ‘அச்சாணி’ படத்தில் இளையராஜா இசையில் எஸ். ஜானகி பாடியது, 1978. கச்சத்தீவு அந்தோனியார் திருவிழாவுக்கு ராமேசுவரத்தில் இருந்து படகுகளில் போகும்போது பாடப்படுபவை எதுவும் தட்டில் வந்தவை அல்ல. ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள், கரைவலை இழுக்கும்போது அம்பாப் பாட்டு பாடுகிற அதே முறையில். எஞ்சின் சத்தத்துக்கு மேலே குரல் எழும்ப வேண்டும் என்பதால் ராகம் நீளும். எந்தப் பதிவிலும் கிடைக்காத அழகு அதில் உண்டு. சினிமாவில் என்றால் ‘ஞான ஒளி’யின் “தேவனே என்னைப் பாருங்கள்”. 1972, கண்ணதாசன், டி.எம்.எஸ். அதுவும் வழக்காடும் பாட்டுதான், என் கணக்கு அங்கேயும் தப்பவில்லை.

பிடிக்காதவற்றையும் சொல்லிவிடுகிறேன், கேட்காவிட்டாலும். ஓடிய சினிமா மெட்டில் அம்மன் பெயரைச் செருகிய பாட்டுகள் எனக்கு ஆகாது. கேட்கிறவன் மனதில் அந்தப் படத்தின் நடனம்தான் ஓடும். இன்னொன்று, நிமிடத்துக்கு நூறு அடி அடிக்கும் மின்னணுத் தாளத்தில் எல்லாக் கடவுளையும் ஒரே மாதிரி ஆட வைக்கும் புதிய ரகம். கேட்பதற்கும் கெஞ்சுவதற்கும் அதில் இடமே விடுவதில்லை. மூச்சு வாங்க ஓர் இடம் இருந்தால்தானே விண்ணப்பம் வைக்க முடியும்? இரவு பத்து மணிக்கு மேல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்ற விதி வந்தபோது எங்கள் தொழில்காரர்கள் முணுமுணுத்தார்கள். இந்த ரகப் பாட்டுகளைக் கேட்ட பிறகு அந்த விதி எனக்கு நியாயமாகவே படுகிறது. கார்த்திகையில் கே. வீரமணியின் “பள்ளிக்கட்டு சபரிமலைக்கு”வும் தாளத்தால் ஓடும் பாட்டுதான். ஆனால் அது நடப்பவனின் கால் வேகம், அதனால் பொருந்துகிறது.

இனி பிள்ளைகள் விஷயம். சண்முக கவசத்தில் தொடங்காதீர்கள், இரண்டாம் பாட்டிலேயே எழுந்து ஓடிவிடுவார்கள். அனிபாவில் தொடங்குங்கள், சொற்கள் எளிமை, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் காதில் விழும், தமிழ் கொஞ்சமாகத் தெரிந்த பிள்ளைக்கும் பல்லவி ஒரே நாளில் வந்துவிடும். அடுத்து “செல்லாத்தா”. அரை வினாடி நிற்கச் சொல்லும் இடத்தில் சிறியவர்கள் கட்டாயம் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். தாயுமானவர் கண்ணியில் இரண்டு மூன்றைச் சாப்பாட்டு நேரத்தில் நீங்களே சொல்லிக் காட்டுங்கள், பதிவு வேண்டாம். ‘படகோட்டி’ பாட்டைப் பத்து வயதுக்கு மேல் போடுங்கள். அதைக் கேட்டுவிட்டு உங்கள் பெரியவள், சாமி ஏன் அப்படி வைத்தார் என்று நிச்சயம் கேட்பாள். பதில் தயாரித்து வைத்துக்கொள்ள வேண்டாம். அந்த நேரத்தில் தங்கச்சிமடத்துக்குப் போன் போட்டு உங்கள் அப்பாவிடம் கொடுத்துவிடுங்கள். கடலுக்குப் போய் வந்த தலைமுறை, அவரிடம் அவளுக்குச் சொல்ல நிறைய இருக்கும்.